எலும்புத் தண்ணி

"கறியெல்லாம் நீங்க தின்னுட்டு, எங்கப்பாவுக்கு மட்டும் எலும்புத் தண்ணியா?"

க்ரெட்சன் போட்ட சத்தத்தில், அடுப்பருகே நின்றிருந்த அண்ணி நோரீன் திரும்பிப் பார்த்தாள். அவள் கையில் சதையெல்லாம் போன வான்கோழி எலும்புக்கூடு. அதை இரண்டாக உடைத்துப் பெரிய பானைக்குள் போட்டாள்.

குடும்பமே கூடி வான்கோழி விருந்து உண்ணும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் காலை. விஸ்கான்சினில் முழங்கால் வரை பனி. விருந்துக்காக அரிசோனாவிலிருந்து வந்திருந்த க்ரெட்சனுக்குச் சாயங்காலம் விமானம். அதற்குள் முதியோர் இல்லத்தில் இருக்கும் அப்பாவைப் பார்த்துவிட வேண்டும்.

"நேத்தே சொன்னேன்ல, அப்பாவுக்கு ஒரு தொடை எடுத்து வைன்னு?"

"ஃப்ரிட்ஜில இருக்கு. ஆனா அவரால இப்பல்லாம்..."

"அவரால என்ன? தொடைக்கறிக்கு நானும் அண்ணனும் அடிச்சுக்கிட்டா, நடுவுல புகுந்து பிடுங்கித் தின்ன மனுஷன் அவரு!"

மேஜையில் அண்ணன் லீலண்ட், மிஞ்சிய கறியை ரொட்டிக்குள் அடைத்துத் தின்றுகொண்டிருந்தான். "க்ரெட்சன், அது வந்து..." என்றான் வாய் நிறைய.

"நீ பேசாதே. பெத்தவரை இல்லத்துல தள்ளிட்டு, உனக்கு எப்படிடா தொண்டையில இறங்குது?"

லீலண்ட் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

நோரீன் வெங்காயத்தைத் தோலோடு நாலாக நறுக்கிப் போட்டாள். கேரட், செலரித் தண்டு, பிரிஞ்சி இலை. பச்சைத் தண்ணீரை ஊற்றித் தீயைக் குறைத்தாள். பொங்கி வந்த அழுக்கு நுரையைக் கரண்டியால் வழித்தெடுத்தாள்.

"குப்பைக்குப் போறதை ஒரு பெரிய மனுஷனுக்கு ஊத்தறியே, உனக்கு உறுத்தவே இல்லையா?"

"நல்லா சாறு இறங்கட்டும். அப்புறம் கிளம்பலாம்" என்றாள் நோரீன்.

மத்தியானம் நோரீன்தான் காரை ஓட்டினாள். வடிகட்டிய சூப் ஃபிளாஸ்கில். க்ரெட்சன் மடியில் தொடைக்கறியும் உருளைக்கிழங்கு மசியலும் நிறைந்த தட்டு.

இல்லத்தின் வாசலிலேயே பணிப்பெண் பெர்னி தட்டைப் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, இதைக் கொடுத்துடாதீங்க! அவருக்கு உணவுக்குழாய் சுருங்கிப் போச்சு. ஏப்ரல்லேருந்தே தண்ணியா இருந்தாத்தான் இறங்கும். நீங்க யாரு?"

"அவரோட பொண்ணு."

பெர்னிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, க்ரெட்சனா! அந்த சூப் அனுப்பற பொண்ணு நீங்கதானா! உங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாது!"

க்ரெட்சன் விழித்தாள். நோரீன் அவள் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"ஏப்ரல்ல அவரு சாப்பிட வாயையே திறக்கலை. நான் எதைக் கொண்டு வந்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. க்ரெட்சன் எங்கே, க்ரெட்சன் எங்கேன்னு ஒரே புலம்பல். தாங்க முடியாம, இது நீ செஞ்சு அனுப்பினதுன்னு ஒருநாள் சொல்லிட்டேன். மடமடன்னு குடிச்சாரு. அதுலேருந்து அதையே சொல்லிக்கிட்டிருக்கேன். நீ ஐஸ் பெட்டியில போட்டு விமானத்துல அனுப்பறியாம். உளறிடாதே. தெரிஞ்சா மறுபடியும் குடிக்க மாட்டாரு."

"போன்ல கேட்டா நல்லாருக்காருன்னுதானே அண்ணன் சொன்னான்..." என்றாள் க்ரெட்சன். அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று இந்த வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

அறையில் அப்பா ஓரின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மகளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"வந்துட்டியாம்மா! வந்துட்டியா!"

நோரீன் ஃபிளாஸ்கிலிருந்து கோப்பையில் ஊற்றி க்ரெட்சன் கையில் கொடுத்துவிட்டு, கதவோரமாகப் போய் நின்றுகொண்டாள். க்ரெட்சன் ஒரு ஸ்பூன் எடுத்து ஊட்டினாள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"அதே ருசி. உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? இதாலதான் நான் இன்னும் உசுரோட இருக்கேன்."

க்ரெட்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தாள். சொல்லத்தான் போகிறாள் என்று நோரீன் பதறித் தலையை ஆட்டினாள்.

கிழவர் மகளைக் கிட்டே இழுத்தார். ரகசியம் பேசுவதாக நினைப்பு. காது மந்தமானவர் பேசும் ரகசியம், தாழ்வாரம் வரைக்கும் கேட்டது.

"அதோ நிக்கிறாளே உங்கண்ணன் பொண்டாட்டி, நீ அனுப்பறதைச் சூடு பண்ணி எடுத்துட்டு வர்றதோட சரி. உள்ளூர்லயே இருக்கா. தன் கையால எனக்குன்னு ஒரு வாய் வச்சுக் கொடுத்திருப்பாளா?"

நோரீன் குனிந்து, மூடியிருந்த ஃபிளாஸ்கையே திரும்பவும் இறுக்கி மூடினாள்.

க்ரெட்சன் அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அடுத்த ஸ்பூனைப் பதமாக ஊதி, அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"விடுங்கப்பா. மருமகள்லாம் பெத்த பொண்ணு ஆயிட முடியுமா?"