ஆந்தை முகாமில் ஒரு சம்பந்தம்

ஆந்தை இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, ரோஸ்மேரியின் கேமரா அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மகன் அஜினுடைய கேமரா. லென்ஸ் மூடியை இன்னும் கழற்றவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் குறி வைத்தது ரேச்சலை. எண்ணூர் பறவை மீட்பு மையத்தில், இறக்கை ஒடிந்த ஆந்தைகளைக் கூண்டிலிருந்து எடுத்து மரக்கிளையில் உட்காரவைத்து, போட்டோ பிரியர்களுக்கு ஞாயிறு முகாம் நடத்துகிற பெண். அஜினுக்கு வந்திருக்கிற வரன்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பவுடரும் பஜ்ஜியும்தான் தெரியும், குணம் தெரியாது என்பது ராயபுரத்தில் தன் அரிசி மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் ரோஸ்மேரி சொல்லிவரும் கொள்கை. இருப்பதோ ஒரே மகன். வருகிறவள் சிடுமூஞ்சியாக வாய்த்துவிட்டால் ஆயுசுக்கும் மாடி வீடு ஒரு கட்சி, கீழ் வீடு ஒரு கட்சி. அதனால்தான் இந்த ஒற்று வேலை. முகாமில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கல்யாணத் தரகர்தான் எப்படியோ ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார்.

ஒற்று பார்க்கப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனதை நாம் கேட்கக் கூடாது.

ஃபிளாஷ் போடக் கூடாது என்றாள் ரேச்சல். ஏன் என்று மூன்று முறை கேட்டாள் ரோஸ்மேரி. ஆந்தை இப்படித் தலையைத் திருப்பினால் அதற்குக் கழுத்து சுளுக்காதா என்று குடைந்தாள். பெண் முகம் சுளிக்கவில்லை. பதிலுக்கு, வீட்டில் எத்தனை பேர், சமையல் யார் என்று அவளே பேச்சுக் கொடுத்தாள். எவ்வளவு ஒட்டுதல் என்று ரோஸ்மேரிக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆன்ட்டி, கையில வச்சுப் பாக்குறீங்களா?"

தோல் கையுறை மாட்டி ஆந்தையை ஏற்றிவிட்டாள். ஏறிய வேகத்தில் அது பட்டுப்புடவைக்கு வெள்ளையடித்தது. சுற்றி நின்றவர்கள் மூச்சை அடக்க, ரோஸ்மேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இருக்கட்டும் மக்ளே, அதுவும் பச்சப்புள்ள மாதிரில்லா."

ரேச்சல் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, தன் துப்பட்டாவாலேயே துடைத்துவிட்டாள். பெண் நூற்றுக்கு நூறு. இன்றைக்கே தரகரிடம் சொல்லிவிட வேண்டியதுதான்.

மிச்சக் கறையை அலசக் குழாயடிக்குப் போனாள் ரோஸ்மேரி. சுவருக்கு அந்தப் பக்கம் ரேச்சல் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மம்மி, மாமியார பாத்துட்டேன், சூப்பரா கீறாங்க. மாப்ளைய நீயும் அப்பாவும் பாத்துக்கோங்க."