ஒத்தைச் சாட்சி

"கட்டிப் புடிச்சான் மச்சான். பட்டப்பகல்ல, நடுரோட்டுல, இடுப்பைச் சுத்திக் கையப் போட்டு இழுத்து நெஞ்சோட அணைச்சான். இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

பாண்டிராஜ் சொல்லி முடிச்சான். அவன் பொண்டாட்டி சுகந்தி அடுப்படி நெலையில சாஞ்சு நின்னா. வலது கையில முழங்கை வரைக்கும் கட்டு. அவளோட அண்ணன் சோணைமுத்து நாற்காலியில உக்காந்து காப்பியை ஆத்திக்கிட்டு இருந்தார்.

சோணைமுத்து அருப்புக்கோட்டையில டிராபிக் ஏட்டு. மானம் போகுது, ஒடனே வாங்கன்னு மாப்பிள்ளை போன் போட்டதால, காக்கிச் சட்டையைக்கூடக் கழட்டாம திருச்சுழிக்கு வந்திருந்தார். பொண்டாட்டி மேல புகார்னா அவ பொறந்த வீட்டு ஆளை உக்கார வச்சுத்தான் பேசணும். அந்தப் பக்கம் அதுதான் வழக்கம்.

புகாரும் புதுசு இல்ல. சுகந்தி ஆம்புலன்ஸுல நர்சு, வீரபத்திரன் அதுக்கு டிரைவர். ரெண்டு பேரும் ஒரே வண்டியில போய்வர ஆரம்பிச்சதுலருந்து பாண்டிராஜுக்கு வயிறு திகுதிகுன்னு எரியுது.

கொழம்புல உப்பு கூடுனா, அவ வீரபத்திரன் நெனப்புல போட்டுட்டாம்பான். கொறைஞ்சாலும் அதேதான். அவ போன்ல "சொல்லுங்கண்ணே"ன்னா, அண்ணனாம் அண்ணன்னு மொனங்குவான். அந்த ஆளு மீசைய முறுக்கி விட்டிருக்கான்னு இவனும் மீசைக்கு மை அடிச்சுப் பாத்தான், எடுபடல. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்தானே.

"எங்க வச்சு மாப்ள?" சோணைமுத்து நிதானமாக் கேட்டார்.

நரிக்குடி ரோட்டுலன்னான் பாண்டிராஜ். இன்னைக்கு மத்தியானம், வெயில் சுள்ளுன்னு அடிக்கிற நேரம். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், ஈ காக்கா கெடையாது, தோதான எடமாப் பாத்துத்தான் ஆம்புலன்ஸை ஓரங்கட்டியிருக்காகன்னு அடிச்சுச் சொன்னான்.

"நல்லாப் பாத்தீகளா?"

"எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? இவ அவன் சட்டையக் கெட்டியாப் புடிச்சிருந்தா. ஒத்தக் கால்லதான் செருப்பு இருந்துச்சு."

சோணைமுத்து தலையாட்டுனார். மச்சான் நம்ம பக்கம் சாஞ்சுட்டார்னு பாண்டிராஜுக்குத் தெம்பு வந்துருச்சு. தான் குட்டியானை வண்டியில நூல் லோடு அடிச்சுக் கொண்டு வர்றதே கஞ்சிக்குப் போதும், கண்டவன்கூட வண்டியேறிச் சம்பாதிக்க வேணாம்னான்.

"நாளையிலருந்து வேலைக்குப் போக வேணாம்னு நீங்களே ஒங்க வாயால சொல்லிட்டுப் போங்க மச்சான்."

சுகந்திக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஒரு உசுரக் காப்பாத்திக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வர்ற அன்னைக்கு அவ மொகத்துல இருக்குற வெளிச்சமே வேற. அவளைப் படிக்க வச்சதே அண்ணன்தான். அவரே வேணாம்னுட்டா அதுக்கு மேல அவ யார்கிட்டப் போய் நிப்பா?

"ஏத்தா, மாப்ள சொல்றது நெசமா?"

"நெசந்தாண்ணே," அவ எதையும் மறைக்கல. "வீரபத்திரண்ணே இழுக்கலைன்னா இந்நேரம் நான் பொணம்."

மொபெட்டுலருந்து விழுந்த பெரியவரு ஒருத்தர் பேச்சு மூச்சில்லாம ரோட்டோரம் கெடந்தாராம். ஆம்புலன்ஸுக்கு முன்னால இவ மண்டி போட்டு அவருக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. மேல சுழல்ற லைட்டை மதிக்காம, எச்சரிக்கைக்கு வச்ச செவப்புக் கூம்பைத் தட்டி விட்டுட்டு, ஒரு வண்டி பறந்து வந்துச்சாம்.

வீரபத்திரன் இழுத்ததுல உசுரு தப்புச்சு, கைதான் ரோட்டுல ஒரஞ்சு கிழிஞ்சு போச்சு. மருந்துப் பெட்டி டயர்ல நசுங்கிருச்சு. வீட்டுல சொன்னா இதையே சாக்கா வச்சு வேலைய நிறுத்திருவாகன்னு, படியில விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கா.

"வண்டி நம்பரு?"

"புழுதிதாண்ணே தெரிஞ்சுச்சு."

சோணைமுத்து டம்ளரைக் கீழ வச்சார். மத்தியானமே போலீஸ் மைக்குல தகவல் வந்துருச்சாம், அவரும் அந்த வண்டியத்தான் தேடிக்கிட்டு இருந்தாராம். அதுல அடிபடப் பாத்தது தன் தங்கச்சின்னு இப்பத்தான் தெரியும். ஆம்புலன்ஸ் ஆளுக வேலை பாக்குற எடத்துல இப்படி ஓட்டுனவனுக்கு அபராதம் மட்டுமில்ல, கேஸும் உண்டு, லைசென்சும் போயிரும்னார்.

ஆனா ஆளைக் காட்டிக் குடுக்கச் சாட்சிதான் கெடைக்கல. பெரியவருக்கு நெனவு இல்ல, இவுக ரெண்டு பேரும் நம்பரைப் பாக்கல.

"ரோட்டுல வேற ஈ காக்கா இல்லைன்னு நம்ம மாப்ளயே சொல்லிட்டாரு," சோணைமுத்து எந்திரிச்சார். "வந்தது அந்த ஒத்த வண்டிதான்."

சுகந்தி மெதுவாப் புருசன் பக்கம் திரும்புனா.

"நீங்க காலையில விருதுநகருக்கு லோடுன்னு சொல்லிட்டுத்தான போனீக? நரிக்குடி ரோட்டுக்கு எப்ப வந்தீக?"

குட்டியானை சைடு மிரருல பாத்தேன்னு பாண்டிராஜ் எப்படிச் சொல்லுவான்?

சோணைமுத்து அவன் முன்னால கைய நீட்டுனார்.

"நீங்க கேட்டபடியே சொல்லிர்றேன் மாப்ள. நாளையிலருந்து வேலைக்குப் போக வேணாம். குட்டியானைச் சாவியக் குடுங்க."