சீதனத்துக்குக் காட்டிய வீடு

கல்முனைக்குடியில் உதுமாலெவ்வைப் போடியாரின் வாய்ச்சொல்லுக்கு முன்னால் நொத்தாரிசு எழுதும் காணி உறுதியெல்லாம் வெறும் கடதாசி. அந்த வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் கொடுக்காமல்தான், வாங்கப்போவதாகச் சொல்லி அலியாரின் கல்வீட்டு வாசல் பூட்டின் திறப்பைக் கையில் வைத்திருந்தார்.

மகளுக்குச் சீதன வீடு காட்டாவிட்டால் மருதமுனைச் சம்பந்தம் கைநழுவிவிடும். ஆகவே பாய், தேயிலை, சீனியோடு முன்கூட்டியே அலியாரின் வீட்டுக்கு வந்து, பரம்பரையாகக் குடியிருப்பவர்போல உட்கார்ந்து, மாப்பிள்ளையின் உம்மா சபூறாவை வரவேற்றார்.

"கல்லுக் கல்லா நானே நிண்டு கட்டின வீடு, தங்கச்சி."

"அப்படியா காக்கா? எப்ப கட்டின?"

"மகள் பிறந்த வருசம் அத்திவாரம் போட்ட."

"மாஷா அல்லாஹ்! நடு அறையையும் பாப்பமே."

நடு அறை பூட்டிக் கிடந்தது. போடியார் தம்மிடமிருந்த வாசல் திறப்பை அதில் விட்டு எப்படியெல்லாமோ திருகினார். அசையவில்லை.

"கடல் காத்துக்குத் துருப்பிடிச்சிட்டு" என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

"கொஞ்சம் விலகுங்க காக்கா." சபூறா முந்தானையில் முடிந்திருந்த திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

"முந்தநாள்தான் அலியார் காக்கா இந்த வீட்ட என்ட மகள்ட பேருக்கு உறுதி முடிச்சுத் தந்தார். வாசல் திறப்பு மட்டும் வீடு பாக்க வந்த ஒராள்ட இரிக்காம். வச்சிட்டுப் போங்க."

"அப்ப... நம்மட புள்ளட விசயம்?"

"புள்ள நல்லம் காக்கா. அவக்கு ஒரு வீடு வாங்கின பொறகு சொல்லியனுப்புங்க. இப்ப தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, எங்கட வீட்டுக்கு வந்து சும்மா போகப்படாது."

போடியார் குடித்தார். சீனி அவர் கொண்டுவந்தது.