ஐந்தடி உயரக் களை

துடைப்பமா, பாத்திரம் கழுவிய தண்ணீரா, இன்றைக்கு எது வரும் என்று யோசித்தபடியேதான் டெல்மர் அந்தக் கதவைத் தட்டினார். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊருக்கு அவர்தான் களை இன்ஸ்பெக்டர். ஓரடிக்கு மேல் களை வளரவிட்ட வீடுகளில் அவருக்குப் பெரும்பாலும் அந்த மரியாதைதான் நடக்கும்.

இந்த வீட்டில் இதுவரை அப்படி நடந்ததில்லை. ஆனால் மூன்றாவது புகார் என்றால் எந்தப் பொறுமைசாலிக்கும் கை வாளியைத் தேடத்தானே செய்யும்!

கதவைத் திறந்த ஆர்லீன் அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். “மறுபடியுமா?”

“மறுபடியும்தான். ஜூலை பொறந்ததிலேர்ந்து இது மூணாவது. ‘சமையலறைக்குப் பின்னால் ஐந்தடி உயரத்துக்குக் களை மண்டிக் கிடக்கிறது.’ அதே மொட்டைக் கடுதாசி.”

“அது களை இல்லை, ஈவினிங் பிரிம்ரோஸ். ரெண்டு தடவை சொல்லியாச்சு.”

“நான் வந்தப்பெல்லாம் வாடிப்போன குச்சியைத்தானே காட்டினீங்க?”

“உச்சி வெயில்ல வந்தா? சாயங்காலம் பூக்கிறதை மத்தியானம் வந்து தேடினா தப்பு யார் மேல?”

அதற்காகத்தான் இன்று ஆபீஸ் முடிந்து, எட்டு மணிக்கு மேல் வந்திருந்தார்; கோடையில் அங்கே பொழுது சாய அவ்வளவு நேரமாகும். அவருக்காக வீட்டில் காத்திருக்கவும் ஆளில்லை. ஆர்லீனின் கணவர் இறந்து ஐந்து வருடமாகிறது. டெல்மருக்கோ மனைவி என்று ஒருத்தி வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைக் கிளப்பிவிடுகிற மனிதர் அவர்.

“மூணாவது புகார்னா என் கையில ஒண்ணும் இல்லைங்க,” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “களைன்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக் காலையில ஏழு மணிக்கு மெஷின் வந்துடும். மொத்தத்தையும் வெட்டிச் சாய்ச்சிடுவாங்க.”

ஆர்லீனின் முகம் வெளுத்துவிட்டது. “மெஷினா? இதை ஏன் முதல்லயே சொல்லலை?”

“சொல்ல எங்க விட்டீங்க? ரெண்டு தடவையும் பிளம் பழம் வச்ச கொலாச்சி பன்னைச் சுடச்சுடத் தட்டுல வச்சு என் வாயை அடைச்சிட்டீங்களே!”

அவள் விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார்.

மூன்று பக்கமும் ஆளை மறைக்கிற பலகை வேலி, நான்காவது பக்கம் வீடு. உள்ளே நின்றால் தெருவும் தெரியவில்லை, பக்கத்து வீட்டு எமிலின் ஜன்னலும் தெரியவில்லை. சுவரோரம் வரிசையாக நின்ற செடிகளில் நேற்றைய பூக்கள் கசங்கிய காகிதமாய்த் தொங்கின.

“எமிலாத்தான் இருக்கும். அந்த ஆளுக்குக் கழுகுக் கண்ணு,” என்றார் டெல்மர்.

“சும்மா யார் மேலயும் பழி போடாதீங்க. எமில் தங்கமான மனுஷன்.”

“அது போகட்டும். ரயில் பாதை ஓரமா இதே செடிதான் காடாக் கிடக்கு. அங்க களையா இருக்கிறது உங்க வேலிக்குள்ள வந்தா மட்டும் பூவாயிடுமா?”

“அங்கயும் பூதான். நின்னு பார்க்க ரயிலுக்குத்தான் நேரமில்லை. உங்களை மாதிரி.” அவள் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்தாள். “பேசாதீங்க. அந்த மொட்டைக் கவனிங்க.”

சூரியன் மறைந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. காற்றே இல்லை, ஆனாலும் மொட்டு நடுங்கியது. பச்சை உறை ஒரு பக்கம் பிளந்து பின்னால் மடங்கியது. சுருட்டி வைத்திருந்த மஞ்சள் இதழ்கள் பிரிந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்துவிட்டன.

“அட!” என்றார் டெல்மர்.

பக்கத்தில் இன்னொன்று விரிந்தது. அதற்கு மேலே இரண்டு. எலுமிச்சை வாசனை லேசாக எழுந்தது. எங்கிருந்தோ ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்து, காலை ஊன்றாமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்தது.

டெல்மர் பத்தொன்பது வரை எண்ணினார், அப்புறம் விட்டுவிட்டார். இருபத்தாறு வருட வேலையில் இந்தச் செடியை எத்தனை இடத்தில் வெட்டச் சொல்லியிருப்போம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. பக்கத்தில் ஒருத்தி முழங்கையைப் பிடித்தபடி நிற்பது அதைவிட வெட்கமாகவும், ரொம்பப் பிடித்தும் இருந்தது.

பேனாவை எடுத்தார். காகிதத்தின் அடியில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “இது களை அல்ல, தோட்டப் பூ. மலர்வதை நேரில் கண்டேன்.”

கையெழுத்துப் போட்டு மடித்தார். “இனிமே நிம்மதியா இருங்க. இன்ஸ்பெக்டரே பூன்னு எழுதிட்டா, அப்புறம் எத்தனை மொட்டைக் கடுதாசி வந்தாலும் ஆபீஸ்ல குப்பைக் கூடைக்குத்தான் போகும். நானும் இந்தப் பக்கம் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை.”

சொல்லி முடித்தபோது அது அவருக்கே அவ்வளவு நல்ல செய்தியாகப் படவில்லை. ஆர்லீனாவது துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தார். அவளோ முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க, சந்தோஷம் இல்லையா?”

“சந்தோஷம்தான் டெல்மர். ஆனா, ஸ்டாம்ப் ஒட்டி வச்சிருக்கிற நாலாவது கடுதாசியை நான் என்ன பண்றது?”