அண்ணனின் நடை

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை விறுவிறுவென்று வரைவது அந்த ஓவிய டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். முகங்களை வரையமாட்டாள், நடை மட்டும்தான்.

ஒருநாள் அவள் வரைந்த தாளைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. கூட்டத்தின் நடுவே ஒருவன் இடது தோளைச் சரித்தபடி நடந்துகொண்டிருந்தான்.

"இது உங்க அண்ணன் நடைடி. எங்க பாத்த அவனை?"

அண்ணன் போய்ச்சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அப்படி நடந்த யாரையும் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் அம்மாவும் முழங்கால் வலியோடு பிடிவாதமாகக் கூடவே வந்து, அவளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்கொட்டாமல் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "அவனைக் காணோமே" என்றாள்.

மகள் வரைய ஆரம்பித்தாள். தாளில் அவன் வந்துவிட்டான், இந்த முறை முதுகைக் காட்டிக்கொண்டு. அவன் கையைப் பிடித்தபடி, முழங்கால் வலியோடு சாய்ந்து சாய்ந்து ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். மகள் பென்சிலை நிறுத்தப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வலது கை மட்டும் அந்தரத்தில் எதையோ இறுகப் பற்றியிருந்தது.

"நான் போயிட்டு வரேன்டி" என்றாள் அம்மா.