ஒன்று விடாமல்

வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் போட வைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிதான் குடவாசல் கலியமூர்த்தியின் வியாபாரம். அதன் சிப்புக்கான புரோகிராம், அவரிடம் வேலை பார்க்கும் ஹஸ்ஸானின் லேப்டாப்பில் மட்டுமே சிப்புக்குப் புரியும்படி மாறும், அதாவது கம்பைல் ஆகும். அவனுக்குத் துபாய் விசா வந்ததும், கலியமூர்த்தி கொசுறு கேட்கும் குரலில் சொன்னார்:

"தாராளமா போங்க தம்பி. எல்லாருக்கும் கம்பைல் ஆகுற மாதிரி பொதுவா ஒரு மெஷின் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

லேப்டாப்பில் இருந்ததை ஒன்று விடாமல் புது மெஷினில் ஏற்றினான். மெஷின் இருந்த அறையில் அவனும் இருந்தால், யார் கொடுத்தாலும் கம்பைல் ஆனது. டீ குடிக்க வெளியே போனால் எரர். திரும்பி வந்தால் மறுபடி ஆனது.

"உங்க ராசிண்ணா," என்று சிரித்தாள் கூட வேலை பார்க்கும் வானதி.

விமானத்தைத் தவறவிட்டால் விசா போய்விடும். யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். திருச்சேறை தாண்டியதும் மனசு கேட்காமல் வானதியைக் கூப்பிட்டான்.

"கம்பைல் ஆகுதா?"

"ஜோரா ஆகுது. எதிர்லயே உக்காந்துகிட்டு எதுக்குண்ணா போன்ல கேக்குறீங்க?"

நாச்சியார்கோயிலில் கூட்டம் ஏறியது. கைக்குழந்தையோடு நின்றவளிடம் கண்டக்டர் ஹஸ்ஸானின் ஜன்னலோரத்தைக் காட்டினார்.

"அந்த சீட்டு காலியாத்தானேம்மா இருக்கு? போய் உக்காருங்க."