ஏட்டு முடிக்காத கேஸ்

"கார் வர்றதுக்குள்ள அந்தத் திருட்டைப் பண்ணினது யாருன்னு கண்டுபிடிச்சாகணும். சொல்லிட்டேன்" என்றார் நர்ஸம்மா.

அறையில் பாதிச் சாமான்கள் பெட்டிகளுக்குள் போயிருந்தன. மிச்சமிருந்த இரண்டு நாற்காலிகளில் ஸ்டுடியோக்காரரும் ஏட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது. அந்தப் பழைய கேஸுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. சாயங்காலமானால் நர்ஸம்மாவின் மாடியில் கூடி, டீயோடு சேர்த்து அதையும் ஒரு ஆற்று ஆற்றிவிட்டுத்தான் கலைவார்கள். இனிமேல் அதுவும் இல்லை. தங்கை மகன் வந்து, அவரைத் தன் வீட்டோடு அழைத்துப் போகப் போகிறான்.

கேஸ் இதுதான். இளம் வயசில் நர்ஸம்மாவை எடுத்த ஒரு படத்தை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஸ்டுடியோக்காரர் கடை முகப்பில் கண்ணாடிக்குள் மாட்டி வைத்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் விடிந்து பார்த்தால் கண்ணாடியில் ஓட்டை, படத்தைக் காணோம். கடைக்கு எதிரே டியூட்டி பார்த்த புதுப் போலீஸ்காரரிடம் விசாரணை வந்தது. அவர்தான் இந்த ஏட்டு.

"கண்ணாடி மேல பிளாஸ்திரியை ஒட்டிட்டுத் தட்டியிருக்கான். ஓட்டையைச் சுத்தி அந்தப் பசை ஒட்டியிருந்துச்சே. சத்தமே வரல, ஒரு சில்லுகூடக் கீழ விழல. ஆஸ்பத்திரி ஆளுக்குத்தான் அந்தப் புத்தி வரும். கம்பவுண்டரேதான்!" என்று கையை வீசினார் ஸ்டுடியோக்காரர்.

"கையை ஆட்டாதீங்கன்னா கேட்கறீங்களா?" என்று அதட்டினார் நர்ஸம்மா.

பெட்டிக்குக் கயிறு கட்டுகிறேன் பேர்வழி என்று ஸ்டுடியோக்காரர் விரலைக் கிழித்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா பிளாஸ்திரியைச் சுற்றி, அதன் நுனியைக் கொஞ்சம் உள்பக்கமாக மடித்து விட்டார்.

"இதென்ன சிஸ்டர், வால் மாதிரி?"

"பிரிக்கறப்ப நகத்தால சுரண்ட வேண்டாம். இதைப் பிடிச்சு இழுத்தா வந்துடும். கை பழகிப்போச்சு."

தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஏட்டு மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"கம்பவுண்டர் அன்னிக்கு ஊர்லயே இல்ல. மச்சான் கல்யாணத்துக்குப் போயிருந்தான்" என்றார் ஏட்டு.

"போன வாரம் பேக்கரிக்காரன்னு சொன்னேன். அதுக்கும் ஒண்ணு சொன்னீங்க. உங்களை நம்பி எப்படித்தான் ஸ்டேஷனை விட்டு வெச்சாங்களோ!" என்று அலுத்துக்கொண்டார் ஸ்டுடியோக்காரர்.

ஏட்டு சிரித்துக்கொண்டார். யார் எந்தப் பக்கம் துப்புத் துலக்கப் போனாலும் முட்டுக்கட்டை போடுவது அவர் வழக்கம்.

"விளையாட்டு இல்ல" என்றார் நர்ஸம்மா. "ஏதோ ஒரு ஆசையில பண்ணின காரியம் அது. என்ன ஆசைன்னு யாருக்குமே தெரியாம போயிடணுமா?"

"சிஸ்டருக்கு இந்த வயசுல வந்த ஏக்கத்தைப் பாருங்க!"

நர்ஸம்மாவும் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தவர். அப்பா போன பிறகு கேட்டு வரவும் ஆளில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அடுப்பில் தண்ணீர் வைத்துப் பழகியவருக்கு, நாளை முதல் அந்தச் சத்தம் கேட்காது என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

கீழே ஹார்ன் கேட்டது.

"வந்துட்டான் போல. நான் போய் சாமானை ஏத்தச் சொல்றேன்" என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோக்காரர் இறங்கிப் போனார்.

ஏட்டு தன் பர்ஸுக்குள்ளிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். பழுத்து விறைத்துப் போன ஒரு பிளாஸ்திரித் துண்டு. அதில் இன்னும் கண்ணாடித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நுனி உள்பக்கமாக மடிந்திருந்தது.

"அன்னிக்கே கிடைச்சது" என்றார். "சாயங்காலம் உங்களை விசாரிக்க வந்தேன். நீங்க அப்பா கால்ல கட்டுப் போட்டுட்டு, நுனியை இப்படித்தான் மடிச்சீங்க."

நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரிஞ்சுமா இத்தனை வருஷமா..."

"வயசுப் பொண்ணு. போறவன் வர்றவனெல்லாம் நின்னு பார்க்கறது பொறுக்காம நீங்களே எடுத்துட்டீங்கன்னு புரிஞ்சுது. வெளிய தெரிஞ்சா உங்க பேர் கெட்டுடுமேன்னு கேஸை அமுக்கிட்டேன். இருந்த ஒரே சாட்சி இதுதான், நீங்களே வெச்சுக்குங்க. நிம்மதியாப் போயிட்டு வாங்க." கொஞ்சம் தயங்கினார். "கேஸ் முடியாம இழுத்துட்டே இருந்ததுல எனக்கும் ஒரு சந்தோஷம்... சரி, அது எதுக்கு இப்ப."

மறுபடியும் ஹார்ன் கேட்டது. நர்ஸம்மா எழுந்து, கட்டி வைத்திருந்த பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். துணிகளுக்கு அடியில் கையை விட்டு அந்தப் படத்தை எடுத்து ஏட்டின் மடியில் வைத்தார்.

"ஆளைச் சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க. காரணத்தைத்தான் கோட்டை விட்டுட்டீங்க" என்றார். "படம் திருட்டுப் போனா, கடைக்கு எதிர்ல நிக்கிற அந்தப் புதுப் போலீஸ்காரர் விசாரிக்க எங்க வீட்டுக்கு வருவார்னுதான் எடுத்தேன்."